மார்சல் மாமாவுக்கு நான் வாசித்த பாடம்

புதுப் புத்தகத்தின் பசை மணமும் அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தில் ஊறிப்போன மண்ணெண்ணெய் மணமும் எங்காவது ஒன்றாக வந்தால் எனக்கு மறுபடி பதினொரு வயதாகிவிடும். தை மாதம் பள்ளிக்கூடத்தில் இலவசப் புத்தகங்கள் கொடுக்கும் அன்று அம்மா அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்; நிலத்தில் வைக்க விடமாட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வள்ளம் ஓட்டிய அப்பா தன் பெயரை மட்டும் கீறுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. அந்தியில் விளக்கு வைத்த கையோடு நான் பாயிலிருந்து அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசிக்க, வீடு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு வரியையும் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். "அச்சடிச்சதில பொய் போடுவாங்களோ?" என்பார். அப்பாவும் அம்மாவும் சண்டை பிடித்தால்கூட, "தம்பியின்ர புத்தகத்தில அப்படியோ கிடக்கு?" என்ற கேள்வியில்தான் போய் நிற்கும்.

அப்பாவின் வள்ளத்து எஞ்சினைத் திருத்துகிறவர் மார்சல் மாமா. பாலையூற்றுப் பக்கம் வீடு. பறங்கியர் இங்கே கோட்டை கட்டிய காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி அவர். கருங்காலி நிறம், சுருட்டை முடி, பேச்சோ எங்களுடையதைவிட நல்ல திருகோணமலைத் தமிழ். என் தங்கை பவிக்கு அப்போது நான்கு வயது. அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தோளில் ஏறிவிடுவாள்; அவரும் அவளைச் சுமந்துகொண்டே கடற்கரைவரை ஒரு நடை போய்வந்துதான் தேத்தண்ணிக்கு இருப்பார்.

ஒருநாள் பின்னேரம் திருத்திய எஞ்சினைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவரை அப்பா மறித்தார்.

"இரு மார்சல், பெடியன் வாசிக்கிறதைக் கேட்டிட்டுப் போவன்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. துணைவாசிப்புப் புத்தகத்தில் அன்றைக்கு முறை வந்த கதையை நான் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. கப்பல் உடைந்த வியாபாரி ஒருவன் ஒரு தீவில் கரையொதுங்குகிறான். அங்கே தடித்த உதடும் சுருட்டை முடியுமாக, மனிதரைத் தின்னும் கறுப்பர்கள் அவனைப் பிடித்துப் பெரிய சட்டிக்குள் இறக்குகிறார்கள். இரண்டாவது பந்தியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் வாசிப்பு நடுவில் நின்றதே கிடையாது. குரலைக்கூடத் தாழ்த்தாமல் கடைசி வரிவரை வாசித்து முடித்தேன்.

பவி புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"என்னடி பாக்கிறாய்? நான்தான் அதில நிக்கிறன்," என்று மாமா சிரித்தார். "ஓடிப்போய் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வா. உன்னைத்தான் முதல் அவிக்கிறது!"

அவள் வீரிட்டுக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். மாமாவின் சிரிப்பு அந்தரத்தில் நின்றது. அம்மா ஒரு வார்த்தை சொல்லி அதைத் துடைத்திருக்கலாம். அம்மாவோ, உண்மையாகவே அறிய விரும்புகிறவராக, வெள்ளையாகக் கேட்டார்: "அப்ப அண்ணை, உங்கட பழைய ஆக்கள் அப்படித்தான் இருந்தவையோ?"

மாமா பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கட பழைய ஆக்கள் கோட்டைக்குக் கல்லுச் சுமந்தவை தங்கச்சி. ஆரையும் பிடிச்சுத் தின்ன அவைக்கு நேரமிருக்கேல்லை."

சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் தன்னை வெயிலில் நிறுத்தி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நாட்களில் வீட்டுக்கு வந்து, "முகத்தைப் பாத்தே முடிவு கட்டிப்போடுறாங்கள்" என்று பொருமுகிறவர் அப்பா. அன்றைக்கு எஞ்சினின் மூடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த நாள் தமிழ் ஆசிரியரிடம் போய், "சேர், அந்தக் கதை உண்மையோ?" என்று கேட்டேன். "உண்மையோ பொய்யோ உனக்கென்ன? சோதினைக்கு வரும், பாடமாக்கு," என்றார். வந்தது. தீவு மக்களின் குணங்கள் மூன்றைத் தருக. கொடூரம், அறியாமை, நன்றியின்மை என்று வடிவான எழுத்தில் எழுதினேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைகள் என் தங்கையை எப்படித் தூக்கும் என்று தெரியும். தெரிந்துகொண்டே எழுதி முழுப்புள்ளி வாங்கினேன். அம்மா அந்தத் தாளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாமா அதற்குப் பிறகு எங்கள் படலையைத் திறக்கவில்லை. எஞ்சின் வேலை நடந்தது, ஆனால் இறங்குதுறையிலேயே வாங்கி இறங்குதுறையிலேயே கொடுப்பார். ஒருமுறை அங்கே என்னைக் கண்டு, "நல்லாப் படிக்கிறியோ தம்பி?" என்றார். "ஓம் மாமா" என்றேன். மன்னிப்புக் கேட்பதற்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் மகளோடு இருக்கப் புத்தளம் போனார் என்றும், அங்கேயே காலமானார் என்றும் அப்பா சொன்னார்.

நான் இப்போது மூதூரில் படிப்பிக்கிறேன். அந்தக் கதை பாடத்திலிருந்து எப்போதோ எடுபட்டுவிட்டது. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எங்கும் ஒரு வரி இல்லை. உங்களுக்குப் பொய் சொன்னோம் என்று யாரும் வந்து சொல்லவில்லை. கண்ணில் ஒற்றி வாங்கியவர்களுக்கு அதையாவது சொல்லியிருக்கலாம்.

போன மாதம் லிங்கநகரில் பவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சோறு வேண்டாமென்று அடம்பிடித்த தன் மகனிடம் அவள் சொன்னாள்: "வாயைத் திற! இல்லாட்டி அந்தக் கறுப்பன் வந்து உன்னைச் சட்டியில போட்டு அவிப்பான்."

"ஆரடி உனக்கு இதைச் சொன்னது?"

"நீங்கள்தானே அண்ணா! சின்னனில புத்தகத்தில வாசிச்சுக் காட்டினனீங்கள். மறந்துபோனியளே?" என்று சிரித்தாள்.

"மார்சல் மாமாவை நினைவிருக்கோ?"

ஒரு பிடி சோற்றை மகனின் வாயில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆர் அவர்?"