துண்டு போட்ட இடம்

என் மகள் சுவரை ஒட்டியே நடக்கத் தொடங்கியபோது அதை ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ரெட்டிபாளையத்தில் நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்கார அக்கா. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, கூடத்தின் நடுவே கால் வைக்காமல், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்கும் குளியலறைக்கும் போய்வந்தாள். சாப்பாட்டுத் தட்டை நடுவில் வைத்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது.

"அங்க உக்காந்தா கீழ வுழுந்துருவேம்மா. தரைக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு நீதான சொன்ன?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை. தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தெளித்த தண்ணீர் ஏன் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக ஓடுகிறது, ரிமோட்டின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் செல்போன் கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்றெல்லாம் கேட்பாள். நான் பெரம்பலூரில் இயற்பியல் பட்டம் படித்தவள். வேலைக்குப் போகவில்லை. இதற்காவது அந்தப் படிப்பு உதவட்டும் என்று, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பதில் சொல்வேன்.

அதற்குச் சில நாள் முன்பு ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ஊரில் தூசிக்குப் பஞ்சமில்லை. அதை யார் தள்ளுகிறார்கள் என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துகள்கள் என்றேன். அதைவிட அறைக்குள் ஓடும் காற்றோட்டம்தான் பெரிய காரணம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திருத்தலாமா வேண்டாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். அதற்குள் பேச்சு அணுவுக்குப் போய்விட்டிருந்தது. அணுவுக்குள் என்ன இருக்கிறது? நடுவில் துளியூண்டு கரு, சுற்றி எலக்ட்ரான், மற்றபடி எல்லாம் வெற்றிடம். சுவர், தரை, நாம் எல்லாமே அப்படித்தான் என்றேன். அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அது வியப்பு இல்லை, பயம்.

சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானம் செய்தார். "இது காங்கிரீட்டுடா கண்ணு. அப்பா செய்யிற சிமெண்ட்டு. யானையே நின்னாலும் தாங்கும்."

"சிமெண்ட்டுலயும் அணு இருக்குல்லப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். "அறிவாளியப் பெத்து வச்சிருக்க. அவ கேட்டா சாமி செஞ்சதுன்னு சொல்லிட்டுப் போயேன்."

மாடிப்படியில் நான் அவளை இடுப்பில் வைத்து இறக்குவதைப் பார்த்த வீட்டுக்கார அக்காவும் சிரித்தார். "என்னடி, எங்க தலையில வுழுந்துருவன்னு பயமா? வுழுந்தா எங்க வூட்லயே வச்சிக்கிறேன், உங்கம்மாவுக்குத் தர மாட்டேன்." பிள்ளை சிரிக்கவில்லை. என் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டது.

அவளுக்கு உறக்கம் கெட்டது. சோறு இறங்கவில்லை. இனிமேல் இவள் எதைக் கேட்டாலும் பதில் சொல்லலாமா, கூடாதா? அம்மா சொன்னதை நம்பியதால்தானே இந்தப் பயம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாளே என்றும் நினைத்தேன்.

பெரம்பலூர் தாண்டி வாலிகண்டபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் போனில் கேட்டுவிட்டு, "புள்ள எதையோ பாத்து பயந்திருக்கா. கூட்டியா, மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிருவோம்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் "சரிங்கண்ணி" என்றேன். என் விளக்கத்தால் ஆகாதது கயிற்றால் ஆனால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் பறந்தன. எனக்கு அப்படி இடம் பிடிக்கக் கூச்சம். ஏறியபோது ஒரே ஒரு இருக்கைதான் ஆளில்லாமல் இருந்தது. அதன்மேல் ஒரு பழைய துண்டு கிடந்தது. பேண்ட் சட்டை போட்ட ஒருவர் அதை ஓரமாக நகர்த்தப் போனார். வெளியே வெங்காயப் பையோடு நின்ற ஓர் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணே, உக்காராதீங்க! ஆளிருக்கு!"

"எங்கம்மா ஆளு? துண்டுதான் கெடக்கு."

"துண்டு கெடக்குதுல்ல? அப்பறம் என்ன கேள்வி?"

"துண்டு டிக்கெட் எடுக்குமா?"

"எடுக்கும். உங்களுக்கும் சேத்து எடுக்கச் சொல்லவா?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். என் இடுப்பிலிருந்த மகள் அந்த இருக்கையையே பார்த்தாள்.

"ஏம்மா அந்த மாமா உக்காரல? அங்க யாருமே இல்லியே."

"யாரும் இல்லதான். ஆனா அது வேறொருத்தங்க இடம். இன்னொருத்தங்க உக்கார முடியாது."

சொல்லி முடிக்கும்போதே எனக்குள் ஏதோ நகர்ந்தது. ஓர் எலக்ட்ரான் இருக்கும் நிலையில் இன்னொன்று வந்து சேர முடியாது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கி மறந்த விதி. தரை நம்மைத் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்த விடைத்தாளில் நான் எழுதியதாக நினைவில்லை.

"தரையும் அப்படித்தான்டா" என்றேன். "உள்ள காலியாத் தெரிஞ்சாலும் எல்லா இடத்துக்கும் ஆளிருக்கு. உன் கால்ல இருக்கிற எலக்ட்ரான் அங்க நுழையப் பாத்தா, இடமில்லைன்னு தரையில இருக்கிறது வுடாது."

அவள் அந்தத் துண்டை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அணுவுக்குள்ள துண்டு போட்டு வச்சிருக்காங்களா?"

"ம்... அந்த மாதிரி."

உடனே உறுத்தியது. துண்டைப் போட்டவர் வெளியே நிற்கிறார். எலக்ட்ரான் அப்படி வெளியே நிற்பதில்லை. தன் இடம் முழுக்கப் புகைபோலப் பரவியிருக்கிறது. மறுபடியும் அரைகுறையாகச் சொல்லி இன்னொரு பயத்தைக் கிளப்பிவிட்டால்? ஆனால் மறைக்கவும் மனம் வரவில்லை. "முழுசா அப்படி இல்லடா. எலக்ட்ரான் துண்டப் போட்டுட்டு எங்கயும் போவாது, அந்த இடம் பூரா அதுவேதான் இருக்கும். அம்மாவுக்கும் இது பாதிதான் புரியும்."

"மீதி?"

"படிச்சிப் பாத்துட்டு சொல்றேன்."

வெங்காயப் பை அம்மா கூட்டத்தில் நுழைந்து வந்து, துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். "பாப்பாவ எங்கிட்ட குடும்மா, எவ்ளோ நேரம் தூக்கிட்டு நிப்ப?" என்று கை நீட்டினார். மகள் வேண்டாமென்று தலையாட்டினாள். என் தோளிலிருந்து சரிந்து, முதலில் ஒரு கால், பிறகு இன்னொன்று என்று பஸ்ஸின் தகரத் தரையில் இறங்கினாள். என் புடவையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பெரம்பலூர் வரை தூக்கச் சொல்லவில்லை.

வாலிகண்டபுரத்தில் கயிறும் கட்டினோம். வீடு திரும்பியதும் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "இப்ப எப்படி இருக்கா?"

பதில் சொல்லத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூடத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தாள். பாதி தூரத்தில் நின்று, குதிகாலால் தரையை மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். பிறகு தொடர்ந்து நடந்தாள்.

"நல்லாருக்கா அண்ணி, கயிறு கட்டுனதுல" என்றேன், குரலைத் தாழ்த்தி. பயம் போய்விட்டதா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அது நினைவுக்கு வந்துவிடுமோ என்று, அவள் ஜன்னல்வரை போய்ச் சேரும்வரை அசையாமல் நின்றேன்.