போர்ச்சுகல்காரருக்கு வந்த போன்கள்

அடுப்பில் பால் பொங்குவதற்குள் திருநாவுக்கரசு படிக்கத் தொடங்கிவிடுவார். ஒரு கையில் செல்போன், மறு கையில் கரண்டி. "ஸ்காட்லாந்துல ஒரு பென்குயினு, மிருகக்காட்சி சாலையில இருக்குது. அதுக்கு நார்வே ராணுவத்துல மேஜர் ஜெனரல் பதவி குடுத்திருக்காங்க" என்பார், பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருக்கும் மேடையைப் பார்த்து. புவனகிரியில் அந்தத் தெருவே அவர் வீட்டில் சொந்தக்காரர் யாரோ வந்து தங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. அவர் மனைவி வெண்மதி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

படிப்பது அவருக்கு வேலையும்கூட. சிதம்பரத்தில் நசீர் நடத்தும் கேபிள் சேனலில் தினமும் காலை எட்டரைக்கு ஐந்து நிமிடம் உலகத்து விநோதச் செய்திகள் சொல்லுவார். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். குரலுக்குக் கீழே கண்ணீர் அஞ்சலியும் மஞ்சள் நீராட்டு விழா வாழ்த்தும் மாறி மாறி ஓடும்.

குறிஞ்சிப்பாடியில் நெசவுக்கார வீட்டில் பிறந்தவர். ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தினார். அத்தனை வருடத்தில் அவர் கண்ணுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சாகிவிட்டது. அந்த மனிதரே நேரில் வந்து, "நான் எப்ப செத்தேன்னு தேதியும் போட்டிருக்கலாமே" என்று கேட்டார். அச்சகம் மூடிய பிறகுதான் நசீரிடம் சேர்ந்தார்.

செய்தி பொறுக்குவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. காலையில் மூன்று செய்திகளை வெண்மதிக்குப் படித்துக் காட்டுவார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். எதைக் கேட்டதும் கையிலிருக்கும் கத்தி நின்று, "ரீல் வுடாதீங்க" என்கிறாளோ, அதுதான் அன்றைய செய்தி. பிறகு அதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிச் சொல்வது அவர் கைவரிசை. எந்த நாட்டு ஏரியானாலும் வீராணத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார். இரண்டு ஊர்களுக்கு இடையில் எத்தனை மைல் என்றால், கீரப்பாளையத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் என்பார்.

அவள் போன பிறகு மூன்றில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கிடைத்ததைப் படித்தார். எல்லாச் செய்தியும் ஒரே மாதிரி ஒலித்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க" என்றார் நசீர் ஒரு திங்கட்கிழமை. "முன்னெல்லாம் நிகழ்ச்சி முடிஞ்சா நாலு பேரு போன் அடிச்சுக் கேப்பாங்க. இப்ப மூணு மாசமா ஒரு போனு இல்ல. யாரும் பாக்குறாங்களான்னே தெரியல."

"நிறுத்திடலாம்ங்கிறியா?"

"இந்த வாரம் பாப்போம். ஒரு போனாவது வரட்டும். இல்லன்னா அந்த நேரத்துக்கு நகைக்கட வெளம்பரம் கேக்குறாங்க, போட்டுடுறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலம் வரை அவர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அந்த ஐந்து நிமிடமும் போய்விட்டால் காலையில் எதற்காகப் படிப்பது? எதற்காகக் குளித்துச் சட்டை மாற்றுவது?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போன் வரவில்லை. வியாழக்கிழமை அவர் செல்போனைப் பார்க்காமலேயே சொன்னார்:

"போர்ச்சுகல் நாட்டில் ஆற்றோரம் ஒரு சின்ன ஊர். நம்ம கீரப்பாளையம் அளவுதான் இருக்கும். அங்கே மனுவேல் என்று ஒரு பெரியவர். மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. தினமும் காலையில் சமையலறையில் நின்றுகொண்டு செய்திகளைச் சத்தமாகப் படிக்கிறார். வீட்டில் விருந்தாளி இருப்பதாக அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தால், அவரைத் தவிர யாருமே இல்லை."

நாடும் பெயரும், கடைசியில் எட்டிப் பார்த்ததும்தான் அதில் பொய்.

ஒன்பது மணிக்கு முதல் போன் வந்தது. மதியத்துக்குள் பதினோரு போன். நசீர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டேபிளைத் தட்டினார். "மாமா, பென்குயினுக்கே வராத போனு, இந்த ஆளுக்கு வருது பாருங்க!"

ஒருவர் மனுவேலுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டார். ஒருவர் அந்த ஊர்க்காரர்களைத் திட்டினார். கீரப்பாளையத்திலிருந்து லோகநாயகி என்ற அம்மாள், "ஏங்க, எட்டிப் பாத்தாங்களே, பாத்துட்டு உள்ள போவலியா? எங்க தெருவா இருந்தா ஒரு கிண்ணம் கொழம்பாவது குடுத்திருப்போம்" என்றார்.

திருநாவுக்கரசு போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளின் ஊர் வழியாகத்தான் அவர் பஸ் தினமும் போகிறது.

வெள்ளிக்கிழமை குறிஞ்சிப்பாடியிலிருந்து வினோதினி என்று ஒரு டீச்சர் கூப்பிட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் மனுவேலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். விலாசம் வேண்டும்.

"ஒன்னு படிக்கிறேன் கேளுங்க சார்" என்றார். "'அன்புள்ள தாத்தா, நீங்கள் படிப்பதை நாங்கள் கேட்கிறோம். இன்னும் சத்தமாகப் படியுங்கள்.' இத நான் சொல்லிக் குடுக்கல சார், அதுவாவே எழுதுச்சு. போர்ச்சுகலுக்கு எவ்ளோ ஸ்டாம்பு ஒட்டணும்?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்தார். முப்பத்திரண்டு கடிதங்கள். நசீரிடம் உண்மையைச் சொன்னார், பாதியை மட்டும். அந்தச் செய்தி தானே கட்டிவிட்ட கதை, அதை நாளைக்குத் திருத்த வேண்டும் என்று.

நசீர் அவர் பக்கம் திரும்பினார். "எதுக்கு மாமா? யாருக்கு என்னா நஷ்டம்? அடுத்த வாரம் மனுவேலு செத்துட்டாருன்னு ஒரு வரி சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"அது முடியாது நசீரு."

"திருத்தம்னு படிச்சீங்கன்னா சேனல் பேரு கெட்டுடும். அப்பறம் நான் நிகழ்ச்சிய நிறுத்தித்தான் ஆவணும். பாத்துக்குங்க."

"தெரியும்."

நசீர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "வீட்டுல எதுவும் பிரச்சனையா மாமா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் நசீரின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை எட்டரைக்குப் படித்தார். முப்பது வருடம் முன்னால் அச்சகத்தில் அந்தக் கல்யாண வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்ட அதே குரலில். "வியாழக்கிழமை சொன்ன போர்ச்சுகல் செய்தி தவறானது. மனுவேல் என்று அங்கே ஒருவர் இல்லை. நேயர்களும் குறிஞ்சிப்பாடிப் பிள்ளைகளும் மன்னிக்க வேண்டும். இந்த நிகழ்ச்சி இன்றோடு முடிகிறது." மீதி நான்கு நிமிடத்துக்கு நகைக்கடை விளம்பரம் ஓடியது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது போன் அடித்தது. நசீர் மாடியில் இருந்தார். திருநாவுக்கரசே எடுத்தார்.

"சார், நான் லோகநாயகி, கீரப்பாளயம். இப்பத்தான் பாத்தேன். அப்பிடி ஒருத்தரு நெசமாவே இல்லியா?"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க?" அந்த அம்மாள் பெருமூச்சு விட்டது கேட்டது. "ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல சார். அந்த மனுஷன் தனியா நின்னு படிக்கிறது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. நல்ல வேள, அப்பிடி யாரும் இல்ல. இல்லதான சார்?"

வெளியே புவனகிரி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இல்லம்மா" என்றார் திருநாவுக்கரசு. "அப்பிடி யாரும் இல்ல. நீங்க சாப்புடுங்க."