பாமன்கடையில் ஒரு குட்டிப் போத்தல்

போன செவ்வாய்க்கிழமை காலை, பாமன்கடைச் செக்பொயின்ட்டில் ஓர் ஆமிக்காரர் என் கணவரின் வயிற்றைக் குறிபார்த்துத் துப்பாக்கியை நீட்டினார்.

பதறாதீர்கள். இருவரும் முழுசாகத்தான் இருக்கிறோம்.

தண்ணீர் வெட்டு, தேங்காய் விலை, பஸ் கொண்டக்டர் என்று வாராவாரம் ஊர்க்கதை அளக்கிற நான், இந்த வாரம் சொந்தக் கதை சொல்லப் போகிறேன். இவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுமன், இனி மறைக்க என்ன கிடக்கு?" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போகப் புரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதை மறந்திருக்க முடியுமா? சந்தையில் கீரை பொறுக்கும்போது, "இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை?" கல்யாண வீட்டில் பந்தியில், "எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் இருக்கிறார்..." எல்லாக் கேள்வியும் என்னிடம்தான். இவரிடம் யாரும் கேட்டதில்லை. இவரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள்.

டெஸ்ட்டுகளும் அப்படித்தான். ரத்தம், ஸ்கேன், மறுபடி ரத்தம், பிறகு கர்ப்பப்பைக் குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே. டொக்டர் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார், "ஹஸ்பண்டுக்கு ஒரேயொரு டெஸ்ட்தான். லேசான டெஸ்ட். அதை முதல்ல செய்யுங்கோ" என்று. இவர் நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஒபிஸில் கணக்குப் பார்க்கிற ஓடிட் வந்தது. பிறகு தடிமன் காய்ச்சல் வந்தது. பிறகு, "இந்த நாளையில றோட்டில சரியான செக்கிங்." ஒரு குட்டிப் போத்தலில் சாம்பிள் கொடுக்க எத்தனை சாட்டு!

இவர் பொல்லாதவர் இல்லை. எனக்கு ஊசி போட்டால் தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். பயம்தான். குறை தன்னிடம் என்று வந்துவிட்டால்? அதைவிடப் பெரிய பயம் — அது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால்?

எக்ஸ்ரே எடுத்த அன்று இவர் மாறினார். வலியில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வந்துபோகிற அந்த இடத்தில் இவர் குனிந்து என் செருப்பை மாட்டிவிட்டார். மாட்டிக்கொண்டே, "நானும் செய்யிறன்" என்றார். "ஆனா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா அம்மாவுக்கு."

ஒருத்தருக்கும் தெரியாமல் வெள்ளவத்தையில் எதைச் செய்ய முடியும்? எங்கள் ஃப்ளாட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு லாப் இருக்கிறது. ஆனால் அங்கே காத்திருப்பவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். "என்ன தம்பி, சீனி வருத்தமோ?" என்று தொடங்கிவிடுவார்கள். ஆகவே இவர் பிடித்த இடம் நுகேகொடை. அங்கே எங்களை யாருக்குத் தெரியும்? மகா புத்திசாலித்தனமான திட்டம். என்ன, சாம்பிளை வீட்டில் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சூடு ஆறக்கூடாது, உடம்போடு அணைத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இவர் சொன்ன சொல் தவறாதவர். போத்தலைக் கைக்குட்டையில் சுற்றி, வயிற்றோடு வைத்து, பெல்ட்டால் இறுக்கி, சேர்ட்டை வெளியே விட்டு மறைத்தார். ஓட்டோவில் ஏறினோம். நம்புங்கள், பாமன்கடை வரும்வரை எங்கள் இருவருக்கும் மண்டையில் உறைக்கவேயில்லை. குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில், இந்தக் கொழும்பில், ஒரு தமிழ் ஆண் சேர்ட்டுக்குள் வயிற்றில் எதையோ கட்டிக்கொண்டு செக்பொயின்ட்டுக்குப் போகிறார்!

இறங்கச் சொன்னார்கள். கையை உயர்த்தச் சொன்னார்கள். கை உயர, சேர்ட்டும் உயர, கைக்குட்டை வெளியே தெரிந்தது. ஆமிக்காரர் பின்னால் பாய்ந்து துப்பாக்கியை நீட்டினார். சின்ன வயது. பக்கத்தில் ஒரு பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். அத்தனை கண்ணும் எங்கள் மேல்.

இவர் மெல்ல, மிக மெல்ல, போத்தலை வெளியே எடுத்து ஓட்டோ சீட்டில் வைத்துவிட்டு மறுபடி கையை உயர்த்தினார்.

என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார் ஆமிக்காரர். எங்கள் இருவரில் சிங்களம் ஓடுகிற வாய் என்னுடையதுதான். முந்திக்கொண்டேன். "பெஹெத்" என்றேன். மருந்து.

மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஆமிக்காரர் போத்தலைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "மருந்தா? அப்படியென்றால் ஒரு வாய் குடித்துக் காட்டு" என்றார்.

தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோனாலே குடித்துக் காட்டச் சொல்கிற காலம் இது. அது எனக்கு எப்படி மறந்தது?

அப்போதுதான் பஸ் வரிசையில் அவரைக் கண்டேன்... எங்கள் கீழ்மாடி மாமி, மரக்கறிப் பையோடு! அவருக்குத் தெரிந்தால் கொட்டாஞ்சேனைக்குத் தெரிந்த மாதிரி. அங்கேதான் என் மாமியார், மகள் வீட்டில் இருக்கிறார். இவரும் மாமியைக் கண்டுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. பாவம். அது என்னுடைய டெஸ்ட், எனக்குத்தான் நோய் என்று பொய் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"நீர் பேசாம இரும்" என்றார் இவர்.

பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், வரிசை முழுக்கக் கேட்கிற குரலில், "அபிட்ட லமய் நே, மாத்தயா" என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஐயா. இது என்னுடைய டெஸ்ட். குறை என்னிடம் இருக்கலாம். மனைவியிடம்தான் என்று யார் சொன்னது? லாபுக்குக் கொண்டுபோகிறோம், சூடு ஆறக்கூடாது...

ஆறு வருடமாக நான் தனியாகச் சுமந்ததை, நடுரோட்டில் கையை உயர்த்திக்கொண்டு, துப்பாக்கிக்கு முன்னால் இவர் பங்கு போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று ஆமிக்காரர் நினைத்திருப்பார். இல்லை. கல்யாணத்தன்றுகூட இவரை எனக்கு இவ்வளவு பிடித்திருக்கவில்லை.

ஆமிக்காரருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் எங்களைவிட அவர்தான் கூடுதலாக வெட்கப்பட்டார். துப்பாக்கியைத் தாழ்த்தி, போத்தலை இரண்டு கையாலும் எடுத்து, சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பை நீட்டுவதுபோல் பக்குவமாக நீட்டினார். "யன்ன, யன்ன", போங்கள் போங்கள் என்று தானே தடையை விலக்கிவிட்டார். ஐடென்டிடி கார்ட்கூடக் கேட்கவில்லை! ஓட்டோக்கார முஸ்லிம் நானா ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "பயப்படாதீங்க தங்கச்சி, இந்தா கொண்டு போய் உட்டுர்றேன்" என்றார். விட்டார். போத்தல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

செய்தியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னேரம் போன் அடித்தது. மாமியார்.

"என்ர பிள்ளையை ஏன் பிள்ளை றோட்டு றோட்டாக் கொண்டு திரிஞ்சு அவமானப்படுத்துறாய்? எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இப்பிடிக் குறை இல்லை. கந்தசட்டி வருது. இந்த முறையாவது ஆறு நாளும் ஒழுங்கா விரதத்தைப் பிடி."

பிள்ளை வேண்டிப் பெண்கள் பிடிக்கிற விரதம். வருடா வருடம் நான்தான் பிடிக்கிறேன். "ஓம் மாமி" என்று வழக்கம்போலச் சொல்லப் போனேன். இவர் ரிசீவரை வாங்கினார்.

"அம்மா, அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ. ரிசல்ட் என்ன வந்தாலும் அது எங்கட ரெண்டு பேற்றையும்தான். விரதம்தானே? இந்த முறை நான் பிடிக்கிறன்."



ரிசல்ட் வந்ததா என்கிறீர்களா? வந்தது. அதை மட்டும் கேட்காதீர்கள், அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். இனி டொக்டரிடம் சேர்ந்தேதான் போவோம். முன்போல என்னை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் பேப்பரோடு நிற்கிற வேலை இவருக்கு இல்லை.

இன்று கந்தசட்டி மூன்றாம் நாள். எனக்குச் சோறும் பருப்பும் போட்டுத் தந்துவிட்டு, ஒரு கோப்பை இளநீரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பசியில் முகம் சுருங்கிக் கிடக்கிறது. பாவமாகத்தான் இருக்கிறது...

ஆனாலும் சொல்லுங்கள், பிள்ளை வேண்டிப் பட்டினி கிடக்கிற ஆம்பிளையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?