மூன்றாவது சனிக்கிழமைத் தேர்வு

லோர்னா மெக்கிப்பன் எங்கள் தொடக்கப்பள்ளிச் சமையலறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தாள். நான் அதே பள்ளியில் கடைசி வகுப்பான ஏழாம் வகுப்புக்கு ஆசிரியை. கிழக்கு பெல்ஃபாஸ்டில், கப்பல் கட்டும் தளத்தின் மஞ்சள் கிரேன்கள் தெரிகிற தெரு. மசித்த உருளைக்கிழங்கை அவள் தட்டில் அறைந்து வைப்பதைப் பார்த்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அவளும் ஒரு காலத்தில், பதினோரு வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் கிராமர் பள்ளிக்குத் தேர்வானவள் என்பது எனக்கு வெகு நாள் தெரியாது. எண்பத்திரண்டில், அவளுக்குப் பதினோரு வயது. அப்போது அந்தத் தேர்வை அரசு நடத்தியது. பிள்ளைகள் வார நாளில் தங்கள் சொந்த வகுப்பில், தினமும் உட்காரும் மேசையிலேயே எழுதுவார்கள். இரண்டாம் தாளின் நடுவே இரண்டு தெரு தள்ளி, குண்டு வைத்திருந்த ஒரு வேன் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ளே கொட்டியது. லோர்னாவின் முன்னங்கையில் ஒரு சில்லு ஏறி நின்றது. ஆசிரியர் எல்லோரையும் முற்றத்துக்கு ஓட்டி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப உட்காரவைத்தார். அவள் கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மிச்சத்தை எழுதி முடித்தாள். தேறினாள்.

அப்பனுக்கு அது பிடிக்கவில்லை. மகள் தன்னைக் கேட்காமல் சீருடைக் கடைக்குப் போய் விலை விசாரித்தாள் என்று தெரிந்த அன்று பெல்ட்டைக் கழற்றினான். கொக்கி இருக்கிற பக்கத்தால் அடித்தான். அவள் கிராமர் பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் பள்ளிகளில் லத்தீன் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதால், இரண்டு வயது இளையவனான தம்பி நோயல் அவளுக்கு "லத்தீன் ராணி" என்று பேர் வைத்தான். தெருவில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு ஒருவனைக் கட்டினாள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாடையை உடைத்தான். அவள் இரும்பு வாணலியால் அவன் தலையில் போட்டாள். அவன் தையல்களோடு ஸ்காட்லாந்துக்குப் போனான், திரும்பவில்லை. அவள் பிறந்த வீட்டுப் பேருக்கு மாறிக்கொண்டாள். மகள் கெரிக்கு அப்போது மூன்று வயது.

கெரி ஏழாம் வகுப்புக்கு வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. அரசு தேர்வை ஒழித்துவிட்டது. கிராமர் பள்ளிகள் விடவில்லை, தாங்களே இரண்டு கூட்டமாகப் பிரிந்து இரண்டு விதமான தேர்வு வைத்தன. கெரி எழுதவேண்டிய தேர்வில், லோர்னா காலத்தில் கேட்ட சொல் புதிர்கள் கிடையாது. ஆங்கிலமும் கணக்கும் கலந்து மூன்று தாள், மூன்று சனிக்கிழமைக் காலைகளில். மூன்றில் நன்றாக எழுதிய இரண்டை எடுத்துக்கொள்வார்கள். எழுதும் இடமும் சொந்த வகுப்பு அல்ல. இரண்டு மைல் தள்ளி, முன்பின் பார்த்திராத கிராமர் பள்ளி மண்டபத்துக்குப் போக வேண்டும். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வகுப்பில் அதற்குப் பயிற்சி தரக்கூடாது என்று மேலே இருந்து கண்டிப்பு.

லோர்னா ஒரு நாள் ஏப்ரனோடு என் வகுப்புக்கு வந்து, கெரிக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். நான் விதியைச் சொன்னேன்.

"விதி உங்களுக்குத்தானே மிஸ், கணக்குக்கு இல்லையே. வசதியானவங்க வீட்டுக்கே ஆள் வச்சுச் சொல்லிக்குடுக்கறாங்க. எங்க தெருவுல யாரு இருக்கா?"

புதன்கிழமை தோறும் பள்ளி விட்டதும் அவள் வீட்டுச் சமையலறையில் கெரிக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாருக்கும் தெரியாது. கெரி பேசாத பெண். தப்பு விட்டால் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்வாள். நான் பலமுறை அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை நான்தான் காரில் கூட்டிப்போனேன். நன்றாக எழுதினாள். இரண்டாவது சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும், எழுந்து நிற்க முடியவில்லை. ஆக மூன்றாவதைக் கட்டாயம் எழுதியாக வேண்டும்.

அந்த வாரம்தான் ஊர் பற்றிக்கொண்டது. நகர மண்டபத்தின் உச்சியில் வருஷம் முழுக்கப் பறந்த பிரிட்டிஷ் கொடியைச் சில நாட்களில் மட்டும் ஏற்றினால் போதும் என்று நகர மன்றத்தில் முடிவெடுத்தார்கள். பிரிட்டனோடு இருப்பதையே தங்கள் அடையாளமாக நினைக்கும் எங்கள் தெருக்காரர்கள் பேருந்துகளை நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, கொளுத்தினார்கள். போலீஸ்மீது செங்கல்லும் பெட்ரோல் குண்டும் பறந்தன. வேறு கட்சிக்கு ஓட்டுப்போட்டவன் என்று ஒருவனைக் கடையிலிருந்து இழுத்துவந்து முழங்காலை உடைத்தார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வருவதாகப் பேச்சு. ஏழேகாலுக்குத் திரையை விலக்கிப் பார்த்தேன். என் காருக்கு அடுத்து நின்ற கார் கரிக்கூடாகப் புகைந்துகொண்டிருந்தது. நான் லோர்னாவுக்குப் போன் செய்து வரமுடியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. "சரி மிஸ்" என்று வைத்துவிட்டாள். இன்று வரை அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

லோர்னாவும் கெரியும் நடந்தே கிளம்பினார்கள். சாலை முனையில் எரிந்த பேருந்து, அதன் இருபுறமும் குப்பைத்தொட்டிகள், முகத்தைத் துணியால் மூடிய ஒரு டஜன் ஆட்கள். நடுவில் பேஸ்பால் மட்டையோடு நின்றவன் காலைச் சற்று இழுத்து நடந்தான். அந்த நடை லோர்னாவுக்குத் தெரியும்.

"வழி விடு நோயல்."

பேரைச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள்.

"இன்னிக்கு எவனும் போகக்கூடாது. நம்ம கொடிய இறக்கறான், நீ உம் பொண்ண பெரிய மனுசனுக பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா, லத்தீன் ராணி?"

"பரிட்சைடா. ஒம்பதரைக்கு."

"வீட்டுக்குப் போக்கா. எல்லாரும் பாக்கறாங்க. என்னால ஒருத்திய மட்டும் விட முடியாது." அதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னானாம்.

லோர்னா கெரியைப் பேருந்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தள்ளினாள். நோயல் எட்டி கெரியின் கோட்டைப் பிடித்து இழுத்தான். பிள்ளை கழுத்து நெரிய இடைவெளிக்குள்ளேயே மல்லாந்து விழுந்தாள். லோர்னா கையிலிருந்த தேநீர் பிளாஸ்கால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்து துணி நனைந்தது. ரத்தம் கெரியின் கோட்டுக் கை முழுக்கத் தெறித்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கேட்டதும் நோயல் மட்டையைச் சுழற்றினான்.

முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீட்டு மாடிக்குக் கேட்டதாக அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவர்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. லோர்னா விழவில்லை. இடைவெளியை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கெரி, எந்திரி. நட. திரும்பிப் பாக்காத."

கெரி எழுந்து நடந்தாள். பின்னால் அடி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தோள்பட்டை எலும்பு உடைந்தது, இரண்டு விலா உடைந்தது, காதுக்கு மேலே மண்டை கிழிந்தது. போலீஸ் வண்டி வந்து கூட்டம் கலைந்த பிறகுதான் லோர்னா முழங்காலிட்டாள்.

கெரி ஒன்பது இருபத்தைந்துக்கு மண்டபத்தை அடைந்தாள். கோட்டில் ரத்தத்தைப் பார்த்து வாசலில் நின்ற ஆசிரியை என்ன ஆயிற்று என்று கேட்டார். மூக்கில் ரத்தம் வந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினாள். எழுதி முடித்துத் தாளைக் கொடுத்த பிறகுதான் வாய்விட்டு அழுதிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் குறிப்பேட்டோடு வந்தார். எங்கள் தெருவில் அந்த மாதிரிக் கேள்விக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. அதுதான் வழக்கம். அவரும் பதிலை எதிர்பார்க்காமல் பேனாவை மூடப்போனார்.

"நோயல் மெக்கிப்பன். என் தம்பி. எழுத்துக்கூட்டிச் சொல்லணுமா?"

பிப்ரவரியில் முடிவு வந்தது. கெரி அந்தக் கிராமர் பள்ளிக்குப் போதுமான அளவுக்கு மேலேயே வாங்கியிருந்தாள். அதே வாரம் லோர்னா வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் யாரோ பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். தாயும் மகளும் பின்பக்கச் சுவரேறித் தப்பினார்கள், லோர்னா உடைந்த எலும்பு இன்னும் கூடாத கையோடு. சுவரில் "காட்டிக்கொடுத்தவள்" என்று எழுதியிருந்தது. போலீஸ் அவர்களை அறுபது மைல் தள்ளி, வடக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது.

அங்கே இருந்த கிராமர் பள்ளி இன்னொரு கூட்டத்தைச் சேர்ந்தது. மற்றத் தேர்வின் மதிப்பெண்ணைத்தான் ஏற்றுக்கொள்ளும். லோர்னா தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனாள், மேல்முறையீடு செய்தாள், நானும் கடிதம் எழுதினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பிள்ளை எழுதியது வேறு தேர்வு, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை, விதிவிலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. அதைப் படித்த அன்று லோர்னா நல்ல கையால் சமையலறைக் கண்ணாடியைக் குத்தி உடைத்தாள். கெரி ஊரிலிருந்த சாதாரண உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள்.

நோயலுக்கு நாலு வருஷம் கிடைத்தது. நீதிமன்றத்தில் லோர்னா அவன் முகத்தைப் பார்த்தே சாட்சி சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்தபின் அவன் அக்காளைத் தேடவில்லை, அவளும் தேடவில்லை.

நான் வருஷத்துக்கு இரண்டு முறை அவர்களைப் போய்ப் பார்ப்பேன். கெரி பள்ளியில் சண்டைக்காரி என்று பேர் வாங்கினாள். இரண்டு தடவை இடைநீக்கம். ஆனாலும் படித்தாள், இப்போது ஆம்புலன்ஸில் வேலை பழகுகிறாள். அந்தச் சனிக்கிழமைக்கு ஒன்பது வருஷம் கழித்து ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது வானொலியில் செய்தி வந்தது. இனி இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரே தேர்வு, இரண்டே தாள், எல்லாப் பள்ளிக்கும் அந்த ஒரே மதிப்பெண். லோர்னா கையை நீட்டி வானொலியை அணைத்தாள். உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த கெரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் அன்னிக்கு உன்ன விட்டுட்டு நடந்தேன்மா. எதுக்கு நடந்தேன்?"

"நான் சொன்னேன், நடந்த."

"உன்ன அடிச்சுட்டு இருந்தான். எனக்குக் கேட்டுச்சு. நான் போய் பரிட்சைத் தாள்ல கமா போட்டுட்டு இருந்தேன்."

"நீ நின்னிருந்தா ரெண்டு பேரும் விழுந்திருப்போம். நீ போனதாலதான் நான் நின்னேன்."

கெரி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு சுவரில் மோதித் திரும்பியது. லோர்னா மிச்சக் கிழங்கைத் தானே உரித்தாள். மகள் தன்னை நம்பவில்லை என்று என்னிடம் சொன்னாள். நான் கிளம்பும்போது கெரி எதிரே கடற்கரைச் சாலையில் வேகவேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.