முயலுக்குக் கொடுத்த இறால் வாடா

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஷார்ஜாவில், ரோலா சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கேயே கைக்கடிகாரக் கடை. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. துபாய்ப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ஆளுயர முயல் ஒன்று வந்திருக்கிறது, பிள்ளைகளோடு கை குலுக்குகிறது என்று மகளின் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பல் தேய்க்கச் சொன்னால், "ராபிட் பல் தேய்க்குமா?" என்பாள். கேரட் பொரியல் வைத்தால் தட்டை நகர்த்திவிடுவாள்.

"அது ராபிட்டோட ஃபுட் உம்மா. நான் தின்னா அதுக்கு மாஃபி, ஒண்ணும் இல்ல."

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும் என்று என் கணவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு நான் நன்றாகச் சமைத்திருந்தேன் என்பது அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரியும்.

பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் மகனின் டயப்பர்களுக்கு அடியில் இறால் வாடாவை வைத்தேன். வடை இல்லை, வாடா. அரிசி மாவைத் தட்டி, வெங்காயமும் இறாலும் வைத்துப் பொரிப்பது. நாகூர்க்காரி வீட்டை விட்டுக் கிளம்பினால் இது இல்லாமல் கிளம்பமாட்டாள்.

வாசல் காவலாளி பையைத் திறந்து குனிந்து முகர்ந்தார். நான் மகனைக் கை காட்டி, "பேபி" என்றேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பையை மூடி, "யல்லா, யல்லா" என்று எங்களை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினார். உள்ளே போனதில் சந்தோஷம்தான். ஆனாலும் என் வாடாவின் வாசனையை ஒரு மனிதர் அப்படி நினைத்துவிட்டாரே என்று கொஞ்ச நேரம் மனசு கேட்கவில்லை.

முயல் ஒரு நீரூற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. இளஞ்சிவப்புக் காது, சிலேட்டுப் பலகை அளவுக்கு முன்பல் இரண்டு, பானை வயிறு. வாய்க்குள் கறுப்பு வலை. மகனைத் தரையில் இறக்கிவிட்டேன். அவன் ஒரு தடவைதான் பார்த்தான். அடுத்த நொடி, தென்னை ஏறுகிறவன் மாதிரி என் மேல் ஏறித் தலையைக் கட்டிக்கொண்டு அலறினான். முயலுக்குச் சங்கடமாகிவிட்டது. முகத்தைக் கையால் மூடிக் காட்டியது. அவன் இன்னும் அலறினான். முயல் கும்பிட்டபடியே பின்னால் நடந்து போய் ஒரு குப்பைத் தொட்டிமேல் மோதியது.

"பயப்படாதடா, பொம்மைதான்" என்று என் கணவர் அவனுக்குத் தைரியம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து முயலின் கை அவர் தோளில் விழுந்தது. "யா அல்லாஹ்!" என்று அவர் துள்ளிய துள்ளலை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

படம் எடுக்க வரிசையில் நின்றோம். பசிக்கிறது என்று மகள் அரற்றியதால் யாருக்கும் தெரியாமல் ஒரு வாடாவை அவள் கையில் கொடுத்திருந்தேன். எங்கள் முறை வந்தது. கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். என் கணவர் மகளை முயலின் முகத்துக்கு நேராகத் தூக்கினார். கோட்டின் முதுகுத் தையல் கழுத்திலிருந்து இடுப்பு வரை பிரியும் சத்தம் எனக்கே கேட்டது.

"வாடா! வாடா!" என்று மகள் முயலைப் பார்த்துக் கத்தினாள்.

"பெரியவங்களை அப்படிக் கூப்பிடக் கூடாது. வாங்கன்னு சொல்லு" என்றார் அவர்.

"வாங்க இல்ல வாப்பா. வாடா!"

முயலின் வாய் வலை ஒரு ஓரத்தில் பிரிந்திருந்தது. மகள் கையிலிருந்த வாடாவை அதற்குள் திணித்துவிட்டாள். நான் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முயல் அசையவில்லை. பிறகு தலைக்குள்ளிருந்து மொறு மொறு என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு குரல்.

"அக்கா... இது இறால் வாடாவாக்கா?"

அதிர்ச்சியில் என் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. மகள் திறந்த வாயை மூடவில்லை. கொஞ்சமும் அசராதவர் என் கணவர்தான். பிள்ளையைத் தூக்கியபடியே முயலின் வாய்ப் பக்கம் குனிந்து, தமிழ்க் குரல் கேட்டால் எந்தத் தமிழனும் கேட்பதைக் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"பட்டுக்கோட்டை பக்கங்க."

"நமக்கு நாகூரு."

"அப்புடிங்களா! பக்கந்தான்!"

என் கணவர் பிள்ளையை ஒரு கைக்கு மாற்றிக்கொள்ள, இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே" என்றது முயல். "முயலு வாயத் தொறந்து பேசக்கூடாதுன்னு ரூல்சு. நமக்கு அல் கூஸ்ல லேபர் கேம்ப்பு, கிளீனிங் கம்பெனி. ஆளு குட்டையா இருக்கேன்னு சூப்பர்வைசர் புடிச்சு இதுக்குள்ள போட்டுட்டாரு. காலையில பத்து மணிக்குத் தலைய மாட்டுனது. ஒண்ணும் திங்கல. அக்கா, இன்னொண்ணு இருக்குமா?"

டயப்பர் பையைத் திறந்து ஒன்று கொடுத்தேன், இன்னொன்று கொடுத்தேன். மகள்தான் ஊட்டினாள். ஒவ்வொரு வாடாவுக்கும் பிறகு அந்த வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு உரக்க அறிவித்தாள். "ஹி இஸ் ஈட்டிங்!"

அங்கேதான் எல்லாம் கைமீறியது. முயல் சாப்பிடுகிறது என்று தெரிந்ததும் அத்தனை பிள்ளைகளும் ஊட்டக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபிப் பையன் பேரீச்சம்பழம் கொடுத்தான். ஒரு மலையாளிக் குடும்பம் நேந்திரங்காய் சிப்ஸை அள்ளிப் போட்டது. அவர்கள் பையிலும் டயப்பர்தான் மேலே இருந்தது. ஒரு பாகிஸ்தானி அம்மா சமோசாவை இரண்டாகப் பிட்டு, "காவோ பேட்டா" என்று உள்ளே தள்ளினார். முயல் பேசக்கூடாதாகையால் போதும் என்று சொல்லவும் அதற்கு வழியில்லை. கையை ஆட்டியது. பிள்ளைகளும் கையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் திணித்தார்கள். ஒருவன் பாப்கார்ன் பொட்டலத்தை அப்படியே கவிழ்த்தான். ஒரு சின்னப் பெண் ஐஸ்கிரீமைக் கூம்போடு செருகினாள்.

"ஐயோ, ஐஸு! ஐஸு! கழுத்துக்குள்ள போவுது!" என்று முயல் சுத்தத் தமிழில் கத்தியபடி குதித்தது. நடனம் ஆடுகிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு, டை கட்டிய சூப்பர்வைசர் ஓடிவந்தார். "அரே, க்யா கர் ரஹா ஹை?" என்று, என்ன செய்கிறாய் என இந்தியில் அதட்டினார். முயல் அவர் பக்கம் திரும்பி இருமியது. பாப்கார்ன் பறந்து அவர் டையில் ஒட்டியது.

என் கணவர் நியாயம் பேசப் போனார். முயலுக்கு இந்தியில் என்ன என்று அவருக்குத் தெரியாது. தலைக்கு மேல் இரண்டு விரலைக் காது மாதிரி வைத்துக்கொண்டு, "இஸ்கோ பூக் லக்தா ஹை" என்றார். இதற்குப் பசிக்கிறது என்று அர்த்தம். சூப்பர்வைசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முதுகில் இரண்டாகப் பிளந்த கோட்டையும் பார்த்தார். பிறகு மரியாதையாக, எதிரே இருந்த சான்ட்விச் கடையைக் கை காட்டிவிட்டு, "கலாஸ்!" என்று, கதை முடிந்தது என்பதுபோல், முயலைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. என் வாடாவால் ஒரு மனிதரின் வேலை போயிருக்குமோ என்ற நினைப்பு. இறாலைக் கையில் எடுத்தாலே அந்த நினைப்புதான். மூன்று வெள்ளிக்கிழமை கழித்து, விசாரித்துவிட்டு வரலாம் என்று மறுபடி போனோம். வாசலில் புதிதாக ஒரு பலகை. வேடம் போட்டவர்களுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. என் கணவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். நான் இழுத்துக்கொண்டு போனேன்.

நீரூற்றுப் பக்கம் முயல் நின்றது. ஆனால் வளர்ந்திருந்தது. மகள் ஓடிப் போய் அதன் வயிற்றைத் தட்டி, "வாடா வேணுமா?" என்று கேட்டாள். முயல் குனிந்து ஏதோ சொன்னது. திரும்பி ஓடிவந்தாள்.

"உம்மா! ராபிட் மலையாளம் கத்துக்கிச்சு!"

வேறு ஆள். என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பை ராட்டினத்துப் பக்கம் நடந்தோம். பெரிய பெரிய தேநீர்க் கோப்பைகள் சுற்றுகிற ராட்டினம். பிள்ளைகளுக்குச் சரிப்படுமா என்று தானே ஏறிப் பார்ப்பதாகச் சொல்லி, என் கணவர் ஒரு மஞ்சள் கோப்பையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். ராட்டினத்தை ஓட்டுகிறவர், நீலச் சட்டை போட்ட குட்டையான மனிதர், விசையை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, சௌக்கியமா?"

முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரல் தெரிந்தது.

"ஏன் தம்பி, என்னாலதானே ஒங்கள மாத்திட்டாங்க?" என்றேன்.

"மாத்தல்லக்கா, ப்ரமோஷன்" என்றார். "இங்க காத்து வருது, பாருங்க. ஒக்கார ஸ்டூலு இருக்கு. அந்தத் தலைக்குள்ள இருந்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்."

மகள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "நீங்க ராபிட் இல்ல" என்றாள்.

"நாந்தாம்மா."

"ப்ரூஃப்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். தொப்பியைக் கழற்றினார். முகத்தில் ஒரு தசையும் அசையாமல் இரண்டு காதையும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். மகளின் கண்கள் விரிந்தன. முயலைக் கண்டு அலறிய என் மகன் என் இடுப்பிலிருந்து இறங்கிப் போய், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா" என்றான். மறுபடி ஆட்டினார். ஒற்றைக் காதை மட்டும் ஆட்டினார். பக்கத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். நானும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராட்டினத்தை நிறுத்த வேண்டும் என்ற ஞாபகம் எங்கள் யாருக்குமே வரவில்லை. மஞ்சள் கோப்பையிலிருந்து என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிடுகிற சத்தம் வந்தது. கிட்டே வந்தது, தூரப் போனது, மறுபடி கிட்டே வந்தது.