மூன்றாவது போட்டோ

எங்கள் வீட்டில் என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா, "ஏட்டி, உன்னைய அடிச்சமா, வஞ்சமா?" என்று மூக்கைச் சிந்துவாள். அடிக்கவில்லை, வையவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் எந்த ஹாஸ்டலில் தங்குவது என்பதைக்கூட, "நீயே பாத்து எடு தாயி" என்றுதான் அப்பா சொன்னார். நானேதான் எடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு என் மேல்தான்.

எங்களுக்கு வத்திராயிருப்பு. எனக்கு இடம் கிடைத்த கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையம் போகிற வழியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். லேப் முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அதனால் ஹாஸ்டல்தான் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு அதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அவள் பிறந்த ஊரான தளவாய்புரம் அங்கிருந்து பக்கம். "என் தம்பி லீவுல வந்தா ஒரு எட்டு வந்து உன்னையப் பாத்துக்கிடுவான்" என்றாள்.

அந்தத் தம்பிதான் விஷயமே. என் தாய்மாமா பட்டாளத்தில் இருந்தார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். நான் பிறந்த அன்றே, "பொண்ணு உனக்குத்தாம்லே" என்று அவரிடம் சொன்னார்களாம். சின்ன வயதில் அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் லீவில் வந்தவர், என் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். என் வகுப்புப் பையன்கள் மூன்று பேருடைய நம்பரை அழித்தார். தன் நம்பரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். "இந்தா ஏட்டி. இனிமே இதெல்லாம் வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு சத்தம் இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன், "எனக்கு மாமாவக் கட்டிக்கிட இஷ்டமில்லை" என்று.

"யாரு இப்பக் கட்டச் சொன்னா? ஐப்பசியிலதான உனக்குப் பதினெட்டு முடியுது" என்றாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. மாமாவுக்கு அடுத்த லீவு கார்த்திகையில். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஐப்பசிக்கு அடுத்ததே கார்த்திகை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அப்பாவும் நானும் ஹாஸ்டல் பார்க்கக் கிளம்பினோம். முதலில் பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த தனியார் ஹாஸ்டல். மூன்று பெண்கள் மொட்டைமாடியில் தலை உலர்த்திக்கொண்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் பாதிக் கொய்யாவை நீட்டினாள். அங்கேயே இருந்துவிட வேண்டும் போல இருந்தது. ஹாஸ்டலை நடத்தும் அக்கா வாயெல்லாம் பல்லாக, "எட்டு மணிக்குள்ள வந்துரணும், அம்புட்டுதான். சொந்தக்காரக யாரு வந்து கூப்பிட்டாலும் அனுப்பிருவோம். நாங்க கெடுபிடியே பண்ண மாட்டோம்" என்றாள்.

யாரு வந்து கூப்பிட்டாலும். வாயில் இருந்த கொய்யா கசந்துபோயிற்று.

அப்பா மில்லில் பிட்டர். எங்கே போனாலும் அங்கே இருக்கிற இரும்பை ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டார். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு எத்து எத்துனா கையோட வந்துரும்" என்று என் காதில் சொன்னார். இறங்கிவிட்டோம்.

அடுத்தது கல்லூரியின் சொந்த ஹாஸ்டல். சுற்றிலும் இரண்டு ஆள் உயரச் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்த அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வார்டன் மேடம் ஒரு அட்டையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன.

"மூணு கட்டத்துக்கு மூணு போட்டோ. போட்டோவுல இருக்கிறவங்க வந்தாத்தான் உங்க பொண்ணு கேட்டைத் தாண்டுவா. ஆண்டாளே நேர்ல வந்து கூப்பிட்டாலும் போட்டோ இல்லைன்னா திருப்பி அனுப்பிருவேன்."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா, அம்மா, மிஞ்சினால் பெரியம்மா. மாமா வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று மண்ணைப் பார்க்க வேண்டியதுதான். "அப்பா, இதுதான் வேணும்" என்றேன்.

"மருந்துக்கடை மாடி மாதிரி கலகலன்னு இருக்காதே தாயி?"

"படிக்கத்தானப்பா வாரேன்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் புள்ளைக்கு எம்புட்டுப் பொறுப்பு என்று வார்டனிடம் சொன்னார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டுத் தன் போட்டோவையும் அம்மா போட்டோவையும் எடுத்து வைத்தார். கடைசியாக ஒரு சின்னக் காகிதக் கவரை எடுத்தார். தளவாய்புரம் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை அதில் இருந்தது. அதற்குள்ளிருந்து மாமா வந்தார், யூனிபார்மில்.

"என் மச்சினன். புள்ளைக்குத் தாய்மாமன்" என்றார் அப்பா.

"மிலிட்டரியா! இதைவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?" என்று வார்டன் பசை டப்பாவை அப்பா பக்கம் தள்ளி வைத்தார்.

அந்தக் கவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அப்பா பையில் இருந்திருக்கிறது. மருந்துக்கடை மாடியில் நான் கொய்யா தின்றபோதும் இருந்திருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சூடாகி, வார்டன் முன்னாலேயே, "அப்பா, மாமா போட்டோ வேண்டாம்" என்றேன்.

அப்பா சிரித்தார். "கல்யாணப் பேச்சா பேசுதோம்? போட்டோதான ஒட்டுதேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நான் போட்டிருந்தது சுடிதார், அவ்வளவுதான் வித்தியாசம். யாராலும் உள்ளே வர முடியாத ஒரு கோட்டையைத் தேடிப் பிடித்து, அதன் சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் பிறந்தநாளுக்கு அம்மா பட்டுப்பாவாடை தாவணி கொடுத்துவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கார்த்திகை பிறந்து ஒரு புதன்கிழமை அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மாமா ரயிலேறிட்டான். வெள்ளிக்கிழமை உன்னையக் கூட்டியார வாரான். தளவாய்புரத்துல எல்லாரும் ஒக்காந்து பேசி முடிச்சுரலாம்னு இருக்கோம்."

"என்னத்த முடிக்க?"

"நீ வா, வந்து பேசிக்கிடலாம்."

மறுநாள் மத்தியானம், போட்டோ ஒட்டிய அட்டையில் என் ரத்த குரூப் தப்பாக எழுதியிருக்கிறது என்று ஒரு சாக்கோடு ஹாஸ்டல் ஆபீசில் போய் நின்றேன். அங்கே வேலை பார்த்த அக்கா அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, போன் பேசத் திரும்பினாள். நகத்தால் மாமாவின் ஓரத்தைக் கிளப்பினேன். நல்லவேளை, மட்டமான பசை, முழுசாக வந்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் அப்பா விறைப்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உரித்ததை என் அடையாள அட்டை உறைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, மாமாவைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். சீ என்று பாத்ரூமுக்கு ஓடிக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். மாடி வராந்தாவில் நின்று கம்பி வழியாகப் பார்த்தேன். வார்டன் கேட்டுக்கே போய் அட்டையைக் காட்டி ஏதோ சொன்னார். மாமா பர்ஸிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். வார்டன் தலையை ஆட்டினார். வார்டன்னா வார்டன்! மாமா கோபப்படவில்லை. கட்டடத்தை ஒவ்வொரு மாடியாக நிமிர்ந்து பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, லேசாகச் சிரித்தார். வாட்ச்மேனிடம் ஒரு பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பைக்கில் ஏறிப் போனார். அன்றைக்கு ராத்திரி ரூமில் பாட்டுப் போட்டு ஆடித் தீர்த்தேன், அந்தச் சிரிப்பை மறக்கத்தான் என்று நினைக்கிறேன். பால்கோவாவை ரூமில் இருந்தவர்கள் தின்று தீர்த்தார்கள். நான் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா வந்தார். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அட்டை அவர் கையில் இருந்தது. காலிக் கட்டத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். தானாகக் கழன்றது எது, யாரோ கழற்றியது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர் அவர்.

"மழை ஈரத்துல விழுந்திருக்கும் போல மேடம்" என்றார் வார்டனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா தாயி?" என்றார்.

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். "அப்பா, எனக்கு வேண்டாம்ப்பா. உங்க காலப் பிடிக்கேன், வேண்டாம்."

"ஏ, அழாத. இன்னைக்கி உன்னையக் கூப்பிட வரல." என் தலையைத் தடவிக் கொடுத்தார். "அவனுக்கு லீவு இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா."

சட்டைப் பையிலிருந்து அதே காகிதக் கவரை எடுத்தார். பசையைக் கொஞ்சம் கூடுதலாகவே தடவி, மூன்றாவது கட்டத்தில் மாமாவை வைத்து, மூலைக்கு மூலை அழுத்தி, காய்கிற வரைக்கும் விரலை எடுக்காமல் இருந்தார்.

ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் எடுத்தால் எட்டு காப்பி கொடுப்பார்கள். அப்பா கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குள் இன்னும் ஆறு மாமா இருந்தார்கள்.