ஏர்போர்ட்டில் நின்ற வெளிநாட்டுப் படை

போன மாதம் ஒரு கோட்டு வாங்கினேன். கோயம்புத்தூர் வெயிலில் கோட்டா என்று கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். “டெல்லிக்குப் போறனுங்க... ராணுவ விசயம்” என்றேன், குரலைத் தாழ்த்தி. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பயப்பட என்ன இருக்கிறது? நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஓர் அரசு வேலையில் சின்னத் துண்டு கிடைத்திருந்தது. வெளிநாட்டு ராணுவங்கள் நம்மோடு கூட்டுப் பயிற்சிக்கு வருகின்றன அல்லவா? விசாவுக்கு ஒரு துறை, துப்பாக்கிப் பெட்டிகளுக்கு ஒரு துறை, தங்குமிடத்துக்கு ஒரு துறை. ஆளுக்கொரு ஃபைலோடு அல்லாடாமல் எல்லோரும் ஒரே திரையில் பார்த்து வேலை செய்ய ஒரு பொது சாஃப்ட்வேர். ரகசியம் எதையும் இங்கே எழுதமாட்டேன். எனக்கு எதுவும் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

அதற்கு ஒரு மாதிரி செய்து காட்டும் பொறுப்பு என்னுடையது. சரியாக வந்தால் டெல்லியில் அதிகாரிகள் முன்னால் விளக்கப் போவதும் நான்தான். வீட்டில் சொல்லியாயிற்று. சிங்கப்பூருக்கு ஒருமுறை போய்விட்டு அதை நாற்பது முறை சொல்கிற என் சகலையிடம்... முதலில் சொல்லியாயிற்று.

என் மாதிரியில் எனக்குப் பெருமை தந்தது ஒரு பச்சைப் பட்டன். ஒரு துறை தகவல் போட்டால், மற்றவர்கள் ‘பார்த்தாயிற்று’ என்று அதைத் தட்டினால் போதும். யார் எதைச் சொன்னாலும் நம் ஊரில் ‘ஆகட்டுங்க’ என்போமே — அதே மரியாதை!

ஒத்திகை வந்தது. ஆபீஸில் நாலு பேரை நாலு துறையாக உட்கார வைத்தோம். கற்பனை நாட்டிலிருந்து நாற்பது பேர் கொண்ட கற்பனைப் படை கோவை ஏர்போர்ட்டில் இறங்கியது. நாலு பேரும் தட்டினார்கள். திரை முழுக்கப் பச்சை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் — ஒத்திகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு மணி நேரம் — படை அரை நாளாக ஏர்போர்ட்டிலேயே நிற்கிறது. பஸ் அனுப்ப ஆளில்லை. நாலு பேரும் மற்ற மூன்று பேரை நம்பிவிட்டார்கள். கையில் துப்பாக்கி, வயிற்றில் பசி, நாற்பது பேர்... யோசித்துப் பாருங்கள்.

அப்போதுதான் எங்கள் டீமில் இருக்கும் கதிரேசன் வாயைத் திறந்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். மலையடிவாரத் தொண்டாமுத்தூரில் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை.

“ஏனுங்ணா, எங்கூர்ல ஆனை வந்தா சொல்றதுக்கு ஒரு வாட்ஸப் குரூப்புங்க. மொதல்ல நாங்களும் கட்டை வெரலத்தான் போட்டுட்டு இருந்தோம். முப்பது வெரலு உழுந்துச்சு, ஆனை பாட்டுக்கு வாழையத் தின்னுபோட்டுப் போயிருச்சு. இப்ப பாத்தேன்னு யாரும் போடக் கூடாதுங்ணா. ‘நான் போறேன்’னு ஒருத்தரு போடோணும். அதுவரைக்கும் அட்மின் விடமாட்டாரு.”

என் பச்சைப் பட்டன் அன்றைக்கே தூக்கப்பட்டது. ‘நான் போறேன்’ என்று பெயரோடு ஒருவர் தட்டும்வரை எல்லார் திரையும் சிவப்பு. மறு ஒத்திகையில் பஸ் மட்டுமல்ல, கற்பனைப் படைக்குக் கற்பனைச் சாப்பாடும் வந்தது. டெல்லிக்குக் கதிரேசன் போகட்டும் என்றார் மேனேஜர். எனக்கு வருத்தமில்லையே என்றும் கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன்?

“ஆகட்டுங்க.”

அதற்கப்புறம் அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்கு வயிறு எரிந்தது. அவன் தும்மினால்கூட டெல்லிக்குப் போகிற தும்மலாகக் கேட்டது. யானைகள் மேலேயே கோபம் வந்தது. என் தெருவுக்கு ஒன்றாவது வந்திருக்கிறதா? எனக்கு வாய்த்ததெல்லாம் நாய்.

இது போதாதென்று ஒருநாள் என் மேஜைக்கே வந்தான். “டெல்லில குளுருமாமுங்ணா. உங்ககிட்டப் புதுக் கோட்டு ஒண்ணு சும்மா இருக்குதாமா...”

சும்மா இருக்குதாம்! கொடுத்தேன். போட்டுப் பார்த்தான். எனக்குத் தொங்கிய தோள் அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

போன புதன்கிழமை மதியம் அவனுக்கு விமானம். எனக்கு லீவு. காலையில் ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் போட்டிருந்தார் — கதிரேசன் கார் ரிப்பேர், வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு யாராவது கூட்டிப்போங்கள். வரிசையாக விழுந்தன கட்டை விரல்கள். ஏழு! ‘ரொம்ப நன்றிங்க’ என்று கதிரேசனும் பதில் போட்டிருந்தான். டெல்லி சந்தோஷத்தில் ஊர் ரூலே மறந்துவிட்டது அவனுக்கு.

யாரும் போகப் போவதில்லை. இது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்; அந்தப் பச்சைப் பட்டனைப் பெற்றவன் நான் அல்லவா? அவன் விமானத்தை விட்டால், விளக்கத் தெரிந்த அடுத்த ஆளும் நான்தான். கோட்டுதான் அவனிடம் இருக்கிறது... பரவாயில்லை, ஸ்வெட்டரில் சமாளிக்கலாம்.

மனைவி போனை எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, ஏழு பேரு வெரலு போட்டிருக்காங்க. இதுல யாரு போறாங்க?”

போனையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனுஷனாக இருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். பெட்டியோடு வாசலில் நிற்கும் கதிரேசன் கண்ணில் தெரிந்தான். அவனுக்குப் பின்னால், ஏனோ, பசியோடு அந்த நாற்பது பேரும்.

‘நான் போறேன்’ என்று போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

அந்த வெயிலிலும் கோட்டோடுதான் நின்றுகொண்டிருந்தான். வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தான். ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது, “ஏனுங்ணா, அந்த ‘நான் போறேன்’ பட்டனு எப்படி வந்துச்சுன்னு டெல்லில கேட்டா, உங்க தப்புல இருந்துதான் வந்துச்சுன்னு உங்க பேரையும் சொல்லிப்போடட்டுங்களா?” என்றான். மனசார, மரியாதையாகத்தான் கேட்டான்.

“வேண்டாங் கண்ணு. நீ போயிட்டு வா” என்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையசைத்தான். நானும் அசைத்தேன்... கோட்டுக்கு.